வால்பாறைக்குக் கத்தி கொண்டு போகலாமா?

கேள்வி: வணக்கம் சார். வயது 27, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. ஜனவரியில் நண்பர்கள் நாலு பேர் பைக்கில் வால்பாறை போய், தனியார் எஸ்டேட் ஒன்றில் டென்ட் போட்டு இரண்டு இரவு தங்கப் போகிறோம். நடுவில் ஒரு நாள் காட்டுக்குள் ட்ரெக்கிங். இதற்காக ஆன்லைனில் 10 அங்குல ‘சர்வைவல்’ கத்தி வாங்கினேன். முதுகில் ரம்பப் பல், பிடிக்குள் திசைகாட்டி எல்லாம் உண்டு. 9 அங்குலத்துக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம் என்கிறான் ஒரு நண்பன். இதை மாற்றி 8 அங்குலத்தில் வாங்கினால் போதுமா? மாமாவிடம் திருப்பாச்சேத்தி அரிவாள் இருக்கிறது, விறகு வெட்ட அதை எடுத்துப் போகலாமா? சிறுத்தையும் யானையும் நடமாடும் இடம், கையில் ஏதாவது இருந்தால் ஒரு தைரியம். இன்னொரு நண்பன் ஐதராபாத்திலிருந்து விமானத்தில் கோவை வருகிறான். அவன் தன் கத்தியை எப்படிக் கொண்டு வருவது?

பதில்:

தம்பி, உங்கள் நண்பர் சொன்ன 9 அங்குலக் கணக்கு காற்றில் வந்ததல்ல. ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில் ஐந்தாம் வகை என்று ஒன்று உண்டு. வாள், குத்துவாள், ஈட்டி ஆகியவற்றோடு, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகளும் அதில் வருகின்றன. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காக வடிவமைக்கப்பட்டவற்றுக்கு மட்டும் விலக்கு. உங்கள் 10 அங்குலக் கத்தி இந்த வரையறைக்குள் நேராகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதற்கு உரிமம் வேண்டுமா என்பது, ஆயுதச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி அந்தப் பகுதிக்கு மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அது நீதிமன்றத்தில் நின்று பேச வேண்டிய வாதம். ராத்திரி வாகனச் சோதனையில் நிற்கும் ஏட்டையாவிடம் அதைப் பேசிப் பார்த்தவர்கள் மறுநாள் காலை என்னைப் போன்ற வக்கீல்களைத் தேடி வருகிறார்கள்.

சரி, 8 அங்குலம் வாங்கினால் தப்பித்தோமா என்றால், அதுவும் இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தொடக்கத்திலேயே ஒரு கேள்வி கேட்கிறது: இந்தப் பொருள் தாக்கவோ தற்காக்கவோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்டதா, அல்லது அப்படி மாற்றப்பட்டதா? வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே ஆன பொருள்கள் ஆயுதம் அல்ல என்றும் அதே வரையறை சொல்கிறது. அதனால் அளவுகோலை எடுப்பதற்கு முன்னால், வாங்கிய கத்தியின் பில்லை எடுத்துப் பாருங்கள். ஆன்லைனில் விற்கிறவர்கள் கவர்ச்சிக்காக ‘டாக்டிக்கல்’, ‘காம்பாட்’, ‘செல்ஃப் டிஃபென்ஸ்’ என்று பெயர் வைக்கிறார்கள். அந்தப் பெயர் அப்படியே பில்லில் அச்சாகி வருகிறது. ‘இது காய் நறுக்கும் கத்தி சார்’ என்று நீங்கள் சொல்வதை உங்கள் கையில் இருக்கும் காகிதமே மறுக்கும். இருபுறமும் கூர் வைத்த குத்துவாள் வடிவமும் பட்டனை அழுத்தினால் துள்ளித் திறக்கும் ஸ்பிரிங் கத்தியும் இதே ரகம். அவை எத்தனை அங்குலமாக இருந்தாலும் தொட வேண்டாம்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒரு கேள்விதான் உங்கள் பயணத்துக்கு முக்கியம். ஆயுதச் சட்டத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டிருக்கிறீர்கள். நீங்கள் போகும் இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். அதில் ‘ஆயுதம்’ என்பதன் வரையறை மிகவும் அகலமானது. துப்பாக்கி, வில், அம்பு, வெடிபொருள், வலை, கண்ணி, விஷம் இவற்றோடு கத்தி என்றும் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். எத்தனை அங்குலம் என்று சொல்லவில்லை. மடக்குக் கத்தி, சமையல் கத்தி என்ற பாகுபாடும் இல்லை. பிறகு 31ஆம் பிரிவு வருகிறது: தலைமை வன உயிரினக் காப்பாளரோ அதிகாரம் பெற்ற அலுவலரோ முன்கூட்டி எழுத்து மூலம் அனுமதி கொடுக்காமல், எந்த ஆயுதத்துடனும் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. தேசியப் பூங்காக்களுக்கும் இது பொருந்தும். மீறினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராத உச்சவரம்பு முன்பு 25,000 ரூபாயாக இருந்தது, 2022 திருத்தத்தில் உயர்த்தினார்கள்.

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் அந்தச் சாலையின் பெரும்பகுதி, சரணாலயத்தை உள்ளடக்கிய ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. மேலே வால்பாறை ஊரும் தேயிலை எஸ்டேட்களும் நாலாபுறமும் காடு சூழ நடுவில் இருக்கின்றன. பொதுச் சாலையில் கடந்து போகிறவருக்கு நுழைவு அனுமதி தேவையில்லை என்று 27ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. ஆயுதம் பற்றிய 31ஆம் பிரிவில் அப்படி ஒரு விலக்கு எழுதப்படவில்லை. ஏட்டில் உள்ளபடி பார்த்தால், பொள்ளாச்சிக் கடைவீதியில் வாங்கிய அரிவாள்மனையோடு பஸ் ஏறும் வால்பாறைக்காரம்மாவும் மாட்டிக்கொள்ள வேண்டும். நடைமுறையில் யாரும் அவரைத் தொட மாட்டார்கள். வனத்துறைக்காரர்கள் தேடுவது வேட்டைக்கான அடையாளத்தை. இரவு நேரம், தலையில் கட்டும் டார்ச், சுருள் கம்பி, பெரிய கத்தி இவை ஒரே பையில் இருந்தால் விசாரணையின் தொனியே மாறிவிடும். நீங்கள் டார்ச்சும் கயிறும் எப்படியும் எடுத்துப் போவீர்கள். அதோடு ரம்பப் பல் வைத்த 10 அங்குலக் கத்தியும் சேர்ந்தால் என்ன மாதிரி தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் சாலைக்கு ஒரு விதி, காட்டுக்கு ஒரு விதி என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்டேட் வரை, சமையல் சாமானோடு சமையல் சாமானாகச் சின்னக் கத்தி ஒன்று போகலாம். ட்ரெக்கிங் போகும் நாளில் அது டென்ட்டிலேயே, இன்னும் நல்லது எஸ்டேட் அலுவலகத்திலேயே, இருக்கட்டும். காட்டுக்குள் நடக்கும் அந்தச் சில மணி நேரத்தில் கத்தியால் ஆக வேண்டிய வேலை எதுவும் இல்லை. ஆரஞ்சுப் பழத்தை நகத்தால் உரிக்கலாம். அப்புறம், அந்த ட்ரெக்கிங்குக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டீர்களா? 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேல் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்துவிட்டன. ‘எஸ்டேட் வாட்ச்மேன் கூட்டிப் போவார்’ என்பது அனுமதி ஆகாது. 2024இல் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்து ஆன்லைனில் பதிவு செய்யும் வசதியும் கொடுத்திருக்கிறது. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டால் வழிகாட்டியும் வருவார், சட்டச் சிக்கலும் இல்லை.

இனி தைரியம் பற்றி. சிறுத்தைக்கும் யானைக்கும் எதிராகக் கத்தி என்பது சினிமாவில் சரி. யானைக்கு முன்னால் கத்தியை நீட்டும் அளவு நெருக்கத்தில் நிற்கிறீர்கள் என்றால் விஷயம் எப்போதோ கைமீறிவிட்டது. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் ஒரு தனியார் ரிசார்ட்டில் டென்ட்டில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. அங்கே குறை இருந்தது டென்ட் போட்ட இடத்தில். வால்பாறையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே இருட்டிய பிறகு தனியாக நடக்காமல் இருப்பது, சாப்பாட்டு மிச்சத்தை டென்ட்டைச் சுற்றிப் போடாமல் இருப்பது, யானை வழித்தடம் எது என்று தோட்டத் தொழிலாளர்களிடம் முதல் நாளே கேட்டுக்கொள்வது, கழிப்பறைக்குக்கூட இரண்டு பேராகப் போவது, இவை ஒவ்வொன்றும் எந்த இரும்பையும்விட உதவும். அங்கே வேலை செய்கிறவர்கள் அப்படித்தான் வாழ்கிறார்கள்.

இதிலே சட்டத்தில் ஒரு பொறியும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. தற்காப்புக்காக நல்லெண்ணத்தில் காட்டு விலங்கைக் காயப்படுத்தினாலும் கொன்றாலும் குற்றமில்லை என்று வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தத் தற்காப்பு தேவைப்பட்ட நேரத்தில் நீங்கள் இதே சட்டத்தை மீறி ஏதாவது செய்துகொண்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அனுமதியில்லாமல், அதுவும் கத்தியோடு, காட்டுக்குள் நின்றிருந்தால் மீறல் ஏற்கெனவே நடந்துவிட்டது. தற்காப்புக்கென்று எடுத்துப் போன பொருளே தற்காப்பு வாதத்தைக் கெடுத்துவிடும்.

மனிதர்களிடமிருந்து தற்காப்பு என்று மனதில் இருந்தால், அதையும் சொல்லிவிடுகிறேன். டென்ட் போட்ட இடங்களிலிருந்து என்னிடம் வரும் வழக்குகளில் முக்கால்வாசி குடித்துவிட்டு நண்பர்களுக்குள்ளேயோ பக்கத்து டென்ட்காரர்களோடோ நடந்த கைகலப்புதான். வெறும் கையால் அடித்துக் காயம் என்றால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 115ஆம் பிரிவு, அதிகபட்சம் ஓராண்டு. அதே காயம் கத்தியால் என்றால் 118, மூன்றாண்டு வரை. கொடுங்காயமாகிவிட்டால் இன்னும் மேலே போகும். பாட்டில் திறந்த பிறகு கத்தி பைக்குள் போய்விட வேண்டும் என்று நாலு பேரும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பேச்சில் தயக்கமே வேண்டாம்.

மாமாவின் அரிவாளுக்கு வருவோம். அரிவாள் விவசாயக் கருவி, வீட்டிலும் தோட்டத்திலும் இருப்பதில் தவறே இல்லை. ஆனால் சிவகங்கைப் பக்கம் தயாராகும் அந்த அரிவாளுக்குச் சினிமாவும் செய்தித்தாளும் சேர்ந்து வேறொரு பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டன. 2021 செப்டம்பரில் ரவுடிகள் மீது காவல்துறை பெரிய அளவில் நடவடிக்கை எடுத்தபோது, பட்டறைகளில் கத்தி, அரிவாள் வாங்குகிறவர்களின் பெயர், முகவரியைப் பதிவு செய்யச் சொன்னார்கள். வயலுக்குப் போகிற வழியில் சைக்கிள் கேரியரில் இருக்கும் அரிவாளுக்கும், திருப்பூரிலிருந்து நாலு இளைஞர்கள் போகும் பைக்கின் சைடு பேக்கில் இருக்கும் அரிவாளுக்கும் போலீஸ் கண்ணில் பெரிய வித்தியாசம் உண்டு. மாவட்டத்தில் தடை உத்தரவு இருக்கும் நாள்களில், உதாரணமாக ராமநாதபுரத்தில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நடக்கும் நினைவு நாள், குருபூஜைக் காலத்தில், இது இன்னும் கடுமையாகும். உங்கள் பாதையில் அப்படி எதுவும் இல்லை, இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

விறகு என்ற காரணமே அடிபட்டுப் போகிறது என்பதையும் கவனியுங்கள். காப்புக்காட்டில் மரம் வெட்டுவதும் தீ மூட்டுவதும் 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டத்திலேயே குற்றம். ‘காய்ந்த கட்டைதானே’ என்பது வாதமாகாது. எஸ்டேட் நிலத்தில் தீ மூட்ட அவர்கள் ஒப்புக்கொண்டால், விறகையும் வெட்டுக்கத்தியையும் அவர்களே கொடுப்பார்கள். இல்லையென்றால் சின்ன கேஸ் அடுப்பு. அரிவாள் மாமா வீட்டிலேயே இருக்கட்டும்.

அப்படியானால் எந்தக் கத்தி? எனக்குப் பிடித்த பகுதிக்கு இப்போதுதான் வந்திருக்கிறேன். டென்ட்டில் கத்தி என்னென்ன செய்யும் என்று யோசியுங்கள். வெங்காயம், தக்காளி நறுக்கும், மசாலா பாக்கெட் பிரிக்கும், கயிறு அறுக்கும், எப்போதாவது ஒரு குச்சியைச் சீவும். இதற்கு 8 முதல் 10 சென்டிமீட்டர் அலகு தாராளம், அதாவது நாலு அங்குலத்துக்குள். கனம் 2 முதல் 3 மில்லிமீட்டர். அதற்கு மேல் தடித்தால் தக்காளி நறுங்காது, பிளக்கும். பிடிக்குள் திசைகாட்டி வைத்த கத்திகளில் பிடி உள்ளே வெறும் குழாய். அலகின் வால் ஓர் அங்குலம்தான் உள்ளே போயிருக்கும். கொஞ்சம் அழுத்தம் கொடுத்தால் கழுத்தில் ஒடிந்து கையைக் கிழிக்கும். முதுகில் இருக்கும் ரம்பப் பல் எந்த மரத்தையும் அறுக்காது, கட்டை விரலை வைத்து அழுத்த வேண்டிய இடத்தைக் கெடுப்பதோடு சரி.

மடங்காத நிலைக் கத்தி வேண்டுமானால், அலகின் இரும்பு பிடிக்குள் நன்றாக நீண்டு போயிருப்பதாகவும், தட்டினாலும் கழலாத உறையோடும் பாருங்கள். ஸ்வீடனின் மோரா கம்பெனியின் ‘கம்பேனியன்’ கத்தி இந்த வேலைக்கென்றே அளவெடுத்தது மாதிரி: சுமார் 10.4 சென்டிமீட்டர் அலகு, 2.5 மில்லிமீட்டர் கனம், பிளாஸ்டிக் உறை. மடக்குக் கத்தி என்றால் பிரான்ஸின் ஒபினெல் 8ஆம் எண், அலகு 8.5 சென்டிமீட்டர், மரப்பிடி. திறந்த பிறகு கழுத்தில் இருக்கும் வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காமல் பூட்டிக்கொள்ளும். பூட்டு இல்லாத மடக்குக் கத்தியை அழுத்தி வேலை செய்தால் விரல் மீதே மூடிக்கொள்ளும், அதனால் இந்த வளையம் அலங்காரம் அல்ல. சுவிஸ் விக்டோரினாக்ஸின் சிவப்புக் கத்தியில் டின் திறக்கவும் கத்தரிக்கவும் தனிக் கருவிகள் உண்டு. அதைப் பார்த்து எந்தக் காவலரும் முகம் சுளித்து நான் கண்டதில்லை.

வெளிநாட்டுக் கத்திதான் வேண்டும் என்பதும் இல்லை. பாத்திரக் கடையில் கிடைக்கும் நாலு அங்குலக் காய்கறிக் கத்தி, பிளாஸ்டிக் மூடியோடு, சட்டத்தின் கண்ணிலும் தக்காளியின் கண்ணிலும் இவை எல்லாவற்றையும்விடப் பொருத்தமானது. நான் போகும்போது பெரும்பாலும் அதுதான் என் பையில். எஃகைப் பொறுத்தவரை, கார்பன் எஃகு சீக்கிரம் கூராகும், ஆனால் வால்பாறை ஈரத்தில் ஒரே இரவில் துரு பூக்கும், எலுமிச்சையும் புளியும் பட்டால் கறுக்கும். முதல் கத்திக்குத் துருப்பிடிக்காத எஃகே போதும். புறப்படும் முன் சாணைக்கல்லில் தீட்டிவிடுங்கள். மழுங்கிய கத்தியைத்தான் கூடுதலாக அழுத்துவோம், நழுவினால் அந்த அழுத்தம் அத்தனையும் கையில் இறங்கும்.

எடுத்துப் போகும் விதத்துக்கு: உறையில் போட்டு, வெட்டும் பலகை, கரண்டி, எண்ணெய் பாட்டிலோடு ஒரே பையில் கட்டி, பெரிய பையின் அடியில். இடுப்பு பெல்ட்டிலும் பேன்ட் பாக்கெட்டிலும் பெட்ரோல் டேங்க் கவரிலும் கத்தி இருக்கக் கூடாது. எட்டி எடுக்கும் தூரத்தில் இருக்கும் கத்திக்குத்தான் ‘எதற்கு?’ என்ற கேள்வி வரும். ஆழியாறு சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்குக்கும் மதுவுக்கும் பையைத் திறக்கச் சொல்வார்கள். அவர்கள் கண்டெடுப்பதற்கு முன்னால் நீங்களே, ‘சார், சமையல் பையில் ஒரு காய்கறிக் கத்தி இருக்கிறது, எஸ்டேட்டில் சமைக்க’ என்று சொல்லிவிடுங்கள். தங்குமிடத்தின் முன்பதிவுச் செய்தியையும் காட்டுங்கள். ‘இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள், திரும்பும்போது வாங்கிக்கொள்ளுங்கள்’ என்றால் மறுபேச்சு வேண்டாம், வைத்துவிடுங்கள். மேலே கடையில் இன்னொன்று கிடைக்கும். நான் மேலே எழுதிய பிரிவு எண்களை அங்கே ஒப்பிக்க வேண்டாம். ஒருவேளை முறைப்படி பறிமுதல் என்று ஆனால், என்ன பொருள், எத்தனை மணிக்கு, எங்கே எடுத்தார்கள் என்று எழுதிய மகஜரைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள், நகல் கேளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வாங்கிவிட்ட 10 அங்குலக் கத்தியைத் திருப்பி அனுப்பும் கெடு முடியவில்லை என்றால் இன்றே அனுப்பிவிடுங்கள். முடிந்துவிட்டதென்றால் வீட்டில் இருக்கட்டும், வண்டியில் ஏற வேண்டாம். செல்ஃபிக்கும் வாட்ஸாப் ஸ்டேட்டஸுக்கும் அதைப் பிடித்துப் படம் எடுக்கும் ஆசையும் வேண்டாம். கத்தியோடு ரீல்ஸ் போட்ட பையன்களைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போவது இப்போது வாடிக்கையாகிவிட்டது.

ஐதராபாத் நண்பருக்கு: விமானத்தில் கைப்பையில் கத்தி கூடவே கூடாது, சின்ன மடக்குக் கத்தியாக இருந்தாலும் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். உறையோடு துணியில் சுற்றி, செக்-இன் பெட்டியில் வைத்தால் வரும். முகாம் அடுப்புக்கான கேஸ் குப்பியை மட்டும் இரண்டு பெட்டியிலும் வைக்க முடியாது. யாராவது ‘அப்படியானால் ரயிலில் கொண்டு வருகிறேன்’ என்றால் அதற்கும் தடை போடுங்கள். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், உள்ளே ரகசியமாகக் கொண்டு வந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவில் இதற்கு மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. அடுப்பை அவர் கொண்டு வரட்டும், குப்பியை நீங்கள் கோவையில் வாங்கிக்கொள்ளுங்கள்.